அரசவை என்னும் பாடசாலை: ஆரியச்சக்கரவர்த்திகளின் அவைப்பண்பும் திருகோணமலையும்

மன்னர்களின் வரலாற்றைப் போர்களின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். யார் யாரை வென்றார், எப்போது முடிசூடினார், எல்லை எதுவரை சென்றது என்பவற்றோடு நமது பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. மன்னனைச் சூழ்ந்திருந்த அவை எவ்வாறு இயங்கியது, அங்கே கல்வி எவ்வாறு கைமாறியது, ஒருவன் எவ்வாறு பேசவும் அமரவும் விருந்தினரை எதிர்கொள்ளவும் பயின்றான் என்னும் கேள்விகள் இலக்கிய மாணவர்களுக்கு உரியவை என ஒதுக்கப்பட்டுவிட்டன. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளைப் பொறுத்தவரை இக்குறை பெரிதாகத் தெரிகிறது. அவர்களது பூர்வீகம் எது, குலம் எது, ஆட்சி எல்லை எது என்பன பற்றி நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டு வரும் நாம், அவர்கள் எத்தகைய மனிதர்களாக இருக்க விரும்பினார்கள் என்பதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

இவ்வகைக் கேள்விகள் ஐரோப்பிய வரலாற்றில் ஆழமாக ஆராயப்பட்டுள்ளன. அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் ஜேகர் 1985 இலும் 1994 இலும் வெளியிட்ட இரு நூல்கள் இத்துறையில் முக்கியமானவை. ஐரோப்பாவின் அவைப்பண்பு வீரர்களிடமிருந்தோ காதற் கவிஞர்களிடமிருந்தோ தோன்றியதன்று. மன்னர்களுக்குப் பணிசெய்த கற்ற குருமாரிடமிருந்தே தோன்றியது என்பது அவரது வாதத்தின் சாரம். 10 ஆம், 11 ஆம் நூற்றாண்டுகளில் பேராலயங்களைச் சார்ந்த பாடசாலைகளில் எழுத்தும் ஒழுக்கமும் ஒருசேரக் கற்பிக்கப்பட்டன. எழுத்து ஏட்டில் இருந்தது. ஒழுக்கமோ ஆசிரியரின் நடையிலும் குரலிலும் பார்வையிலும் இருந்தது. மாணவன் ஆசிரியரோடு வாழ்ந்து, அவரைப் பார்த்துப் பார்த்து, அவரைப்போல் ஆக முயன்றான். ஆசிரியரே அங்கு பாடநூல்.

ஜேர்மானிய மன்னன் முதலாம் ஒட்டோவின் தம்பி புரூனோ இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 953 இல் கொலோன் நகரின் பேராயராகிய அவர், அரசவையில் பல இளைஞர்களை வளர்த்தெடுத்தார். அவரது வரலாற்றை எழுதியவர், அவர் சென்ற இடமெல்லாம் தமது நூலகத்தையும் கொண்டுசென்றார் எனக் குறிப்பிடுகிறார். இன்னொருவர் பிரான்சின் ரீம்ஸ் நகரில் கற்பித்த ஜெர்பேர். கணிதமும் வானியலும் கற்பித்த இந்த ஏழை வீட்டுப் பிள்ளை, இளம் பேரரசன் மூன்றாம் ஒட்டோவின் ஆசிரியராகி, 999 இல் இரண்டாம் சில்வெஸ்டர் என்னும் பெயருடன் பாப்பரசரானார். பதின்ம வயதினனாகிய ஒட்டோ அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. தன்னிடமுள்ள சாக்சன் நாட்டுப்புறத்தன்மையை நீக்கி, கிரேக்க நுண்மையைத் தூண்டிவிடுமாறு அப்பேரரசன் அதில் வேண்டுகிறான். படை கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை, பண்பு கேட்கிறான். கல்வியைப் பற்றி மன்னர்கள் எழுதியவற்றுள் இதற்கு இணையாக நேர்மையானது வேறொன்றை நான் படித்ததில்லை.

இந்தக் குருமாரின் வரலாறுகள் பெரும்பாலும் புகழுரைகளே. அவற்றை முழுமையாக நம்பலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் ஒரு சமூகம் எதைப் புகழ்கிறது என்பதே அது எதை விரும்பியது என்பதற்குச் சான்றாகும். 12 ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. பாரிஸ் நகரில் அபெலார் போன்றவர்கள் ஆசிரியரின் கண்ணியத்துக்குப் பணியாமல், அவரது தருக்கத்தைக் கேள்விக்குட்படுத்தினர். நூலும் வாதமும் முன்னுக்கு வந்தன. பல்கலைக்கழகம் பிறந்தது. நேரில் கண்டு பயிலும் கல்வி பின்னுக்குச் சென்றது. அந்தப் பழைய இலட்சியம் அதன்பின் வீரகாவியங்களிலும் காதற் கதைகளிலும் கற்பனை வடிவம் பெற்று வாழ்ந்தது என்பது ஜேகரின் கருத்து.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான செய்தியன்று. 13 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்திலக்கணத்துக்குள் நுழையுமுன் ஆசிரியர் எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. நிலம், மலை, தராசு, மலர் ஆகிய நான்கும் அங்கே ஆசிரியருக்கு உவமைகளாகின்றன. பொறுமை, அசையாமை, நடுவுநிலைமை, எல்லோராலும் விரும்பப்படும் மென்மை என்பன ஓர் இலக்கண ஆசிரியருக்கு ஏன் வேண்டும்? மாணவன் கற்பது இலக்கணத்தை மட்டுமன்று என்பதனாலேயே. திருக்குறளிலும் மன்னரைச் சேர்ந்தொழுகல், குறிப்பறிதல், அவையறிதல், அவையஞ்சாமை என அடுத்தடுத்து வரும் நான்கு அதிகாரங்களைத் தொடர்ச்சியாகப் படித்தால், அரசவையில் பழகுவதற்கான முழுமையான பயிற்சி நூல் ஒன்றைப் படித்த உணர்வு ஏற்படும். அரசனிடம் மிக நெருங்கியும் நிற்கலாகாது, மிக விலகியும் நிற்கலாகாது என்னும் பாடம் ஐரோப்பிய அவைக் குருமாருக்கும் நன்கு தெரிந்த ஒன்றே.

நமது சிக்கல் வேறு. இலட்சியத்தைக் கூறும் நூல்கள் நம்மிடம் நிறைய உள்ளன. அந்த இலட்சியத்தின்படி ஒரு மன்னன் நடந்துகொண்டதை அருகிலிருந்து கண்டு, உரைநடையில் எழுதிவைத்தவர்கள் மிக அரிது. மெய்க்கீர்த்திகளும் பாயிரங்களும் மன்னனைப் புகழ்கின்றனவே ஒழிய, அவனைக் காட்டுவதில்லை. யாழ்ப்பாணத்து மன்னர் ஒருவரைப் பொறுத்தவரை அந்த அரிய வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைத் தந்தவர் மொறோக்கோ நாட்டுப் பயணியான இபன் பதூதா.

1344 இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அவரது கப்பல் இலங்கைக் கரையை நெருங்கியபோது மாலுமிகள் அஞ்சினர். அது ஆரியச்சக்கரவர்த்தியின் நாடு, அவன் பொல்லாதவன், அவனது கப்பல்கள் கடலில் கொள்ளையிடுபவை, வணிகர் அத்துறையில் பாதுகாப்பாக இறங்க முடியாது என்பது அவர்களது கூற்று. ஆனால் காற்று வலுத்தது, கப்பல் மூழ்கிவிடும் என்ற அச்சமும் வலுத்தது. கரையில் காவலர் விசாரித்தபோது இபன் பதூதா ஓர் உபாயம் செய்தார். தாம் மஃபர் எனப்பட்ட மதுரைச் சுல்தானின் உறவினரும் நண்பரும் என்றும், மன்னனைக் காணவே வந்ததாகவும், கப்பலில் உள்ளவை அவனுக்குரிய அன்பளிப்புகள் என்றும் கூறினார். மதுரைச் சுல்தானுக்கும் ஆரியச்சக்கரவர்த்திக்கும் அப்போது நல்லுறவு இருந்தமையால் இது பலித்தது.

புத்தளத்தில் மரத்தாலான மதிலும் காவற்கோபுரங்களும் சூழ்ந்த அந்தச் சிறிய, அழகிய நகரில் அவர் மன்னனைச் சந்தித்தார். இதன்பின் அவர் கூறுவதே நமக்கு முக்கியமானது. மன்னன் எழுந்து வந்து வரவேற்றான். தன் பக்கத்தில் அமர்த்தினான். கனிவாகப் பேசினான். பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான். பிற நாடுகளையும் மன்னர்களையும் பற்றி விருந்தினர் சொன்னவற்றை மகிழ்ந்து கேட்டான். ஒருநாள் மன்னன் முன்னிலையில் முத்துகள் குவிக்கப்பட்டு, ஏவலாளர் அவற்றைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தனர். நீர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டா என மன்னன் கேட்டான். பாரசீக வளைகுடாவில் கண்டதுண்டு என்றார் பயணி. அங்குள்ள முத்துகள் இவற்றுக்கு நிகராகுமா என்பது அடுத்த கேள்வி. தாம் கண்டவை எல்லாம் இவற்றுக்குக் குறைந்தவையே என்றார் அவர். மன்னன் மகிழ்ந்து, அம்முத்துகளை அவருக்கே கொடுத்து, கூச்சமின்றி வேண்டியதைக் கேட்கும்படி சொன்னான்.

இருவருமே தேர்ந்தவர்கள் என்பதை இவ்வுரையாடல் காட்டுகிறது. குறிப்பறிதல் என்று வள்ளுவர் வகுத்ததை இதைவிடச் சுருக்கமாக விளக்க முடியாது. விருந்தினர் பொன்னும் மணியும் கேட்கவில்லை. பாவா ஆதமின் பாதமலையைத் தரிசிக்க வழி கேட்டார். சிவனொளிபாதம் என்றும் ஸ்ரீபாத என்றும் நாம் அழைக்கும் மலையே அது. அது எளிது என்ற மன்னன், பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்து, நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் தன் பரிவாரத்தில் பத்துப் பேரையும் உணவுப் பொருள் சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பிவைத்தான். முஸ்லிம் யாத்திரிகர் ஒருவருக்கு வழித்துணையாக இந்து யோகியரை இந்து மன்னன் அனுப்புகிறான். மலையுச்சியில் பௌத்தர் வணங்கும் அதே பாதம். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கொள்ளையன் என்று மாலுமிகள் கூறியதும் பண்பாளன் என்று பயணி கண்டதும் ஒரே மனிதனையே. இரண்டில் ஒன்று பொய் என நினைக்க வேண்டியதில்லை. ஏமன் தேசம்வரை கப்பல் விட்ட மன்னனுக்குப் பலமும் தேவைப்பட்டது, பாரசீக மொழியும் தேவைப்பட்டது. இவனுக்கு ஒரு நூற்றாண்டு முன்னர் சிசிலித் தீவில் அரசாண்ட இரண்டாம் பிரெடெரிக் பேரரசனும் இத்தகையவனே. அராபிய அறிஞரோடு உறவாடி, வல்லூறு கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றித் தானே பெருநூல் எழுதியவன். எகிப்தியச் சுல்தான் அல்காமிலுடன் பேசியே 1229 இல் ஜெருசலேமைப் போரின்றிப் பெற்றவன். எதிரிகளிடம் கொடுமையாக நடந்துகொண்டவனும் அவனே. அவைப்பண்பு என்பது அறத்துக்கு மாற்றுப்பெயர் அன்று. வல்லமை தன்னைக் கட்டுப்படுத்திக் காட்டும் ஒரு முறை என்று அதைக் கொள்வதே பொருந்தும்.

ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்னும் சிம்மாசனப் பெயர்களை மாறி மாறிச் சூடினர். நாணயங்களில் இடபத்தையும் சேது என்னும் சொல்லையும் பொறித்தனர். கேகாலை மாவட்டத்துக் கொட்டகமவில் உள்ள அவர்களது வெற்றிச் சாசனம்கூடத் தமிழ்ச் செய்யுளாகவே அமைந்துள்ளது. மன்னர்களின் பெயரைத் தாங்கி நமக்குக் கிடைத்துள்ள நூல்களோ போர்ப்பரணிகள் அல்ல. செகராசசேகரமாலை சோதிட நூல். செகராசசேகரம், பரராசசேகரம் இரண்டும் மருத்துவ நூல்கள். நாள் பார்ப்பதற்கும் நோய் தீர்ப்பதற்குமான நூல்களில் தம் பெயர் நிலைக்கவேண்டும் என விரும்பிய மன்னர்கள் இவர்கள். பரராசசேகரம் சுதேச வைத்தியர்களின் வீடுகளில் ஏட்டுருவில் பேணப்பட்டு, 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏழாலையைச் சேர்ந்த ஐ. பொன்னையாபிள்ளை அவர்களின் முயற்சியால் அச்சேறியது. பிற்பட்ட காலத்தில் அரசகுடும்பத்தைச் சேர்ந்த அரசகேசரியே காளிதாசனின் இரகுவம்சத்தைத் தமிழ்க் காப்பியமாக்கினார். நீர்வேலியில் உள்ள அரசகேசரிப் பிள்ளையார் கோயில் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது.

இந்த அவையின் கைவண்ணத்தில் திருகோணமலைக்கும் பெரும் பங்குண்டு. தட்சிண கைலாசம் என்பது திருக்கோணேஸ்வரத்தின் பெயர். தட்சிண கைலாச புராணம் செகராசசேகர மன்னன் காலத்தில் எழுந்தது. மன்னனே இயற்றினான் என்பாரும், பண்டிதராசர் இயற்றினார் என்பாரும் உளர். யார் இயற்றியிருப்பினும், யாழ்ப்பாணத்து அரசவை ஒன்று தன் தலைநகரைப் பாடாமல், வெகு தொலைவில் கிழக்குக் கரையில் கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைமேல் இருந்த ஆலயத்தைப் பாடியது என்பது சிந்திக்கத்தக்கது. மன்னனின் பெருமை அவனது ஊரால் மட்டும் நிலைபெறுவதில்லை. அவன் எத்தலத்தை வணங்குகிறான் என்பதாலும் நிலைபெற்றது. திருகோணமலையிலோ அப்போது வன்னிபங்களின் ஆட்சி நிலவியது. கவிராச வரோதயன் இயற்றிய கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டு மன்னனின் திருப்பணியைக் கூறி, தானத்தார், வரிப்பத்தார் முதலியோர் ஆலயத்தில் ஆற்றவேண்டிய கடமைகளை ஒவ்வொன்றாக வகுத்துச் சொல்கிறது. அரசவைக்கு உரிய ஒழுங்கும் முறைமையும் இங்கே கோணேசப் பெருமானின் அவைக்கு உரியனவாகின்றன. லிங்கநகர், உவர்மலை என நகரின் எப்பகுதியில் வாழ்பவராயினும் திருகோணமலையார் இந்நூலைப் பழைய கதை என்று மட்டும் கொள்ளாமல், பண்பாட்டுச் சட்டநூலாகவும் படிக்கவேண்டும்.

இவையெல்லாம் தமிழர் தமக்குள் மட்டும் பேணிய செல்வமா என்றால், இல்லை என்பதே வரலாற்றின் விடை. இலங்கையில் எழுந்து நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய தமிழ் நூல் எனக் கருதப்படும் சரசோதிமாலை, 1310 இல் தம்பதெனியாவில் பராக்கிரமபாகு மன்னனின் அவையில் அரங்கேறியது. இயற்றியவர் போசராச பண்டிதர். சிங்கள மன்னனின் அவையில் தமிழ்ச் சோதிட நூல் அரங்கேறுவது அன்று யாருக்கும் வியப்பாக இருந்திருக்காது. கோட்டையில் ஆறாம் பராக்கிரமபாகுவின் அவை இன்னும் சுவையானது. நல்லூருதுன் என்னும் அமைச்சர், பெயராலும் மரபாலும் தமிழ்த் தொடர்புடையவர். மன்னன் மகள் உலகுடைய தேவியை மணந்தவர். 1421 இல் அவர் இயற்றிய நாமாவலிய சிங்கள நிகண்டு நூலாகும். அவ்விளவரசிக்கு ஆண்மகவு வேண்டிப் பாடப்பட்டதே தொட்டகமுவ ஸ்ரீராகுல தேரரின் புகழ்பெற்ற செலலிகினி சந்தேசய.

அதே கோட்டை அவையில் வளர்ந்த சப்புமல் குமாரயனே 1450 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். செண்பகப் பெருமாள் எனத் தமிழில் வழங்கப்படும் இவன், பின்னர் புவனேகபாகு என்னும் பெயருடன் கோட்டையில் முடிசூடினான். நல்லூர் கந்தசுவாமி கோயில் கட்டியத்தில் ஸ்ரீசங்கபோதி புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஒலிக்கிறது. அப்பெயர் இவனைக் குறிக்கிறதா, வேறொருவரைக் குறிக்கிறதா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. என் கவனம் கட்டியம் என்னும் வடிவத்தின்மீதே செல்கிறது. மன்னன் அவைக்கு எழுந்தருளும்போது அவன் விருதுகளை உரத்துக் கூறுவதே கட்டியம். அவையும் போய், மன்னனும் போய், கூறுவாரின் குரல் மட்டும் ஆலய வாயிலில் எஞ்சியிருக்கிறது.

ஐரோப்பாவில் நேரில் கண்டு பயிலும் கல்வி, நூற்கல்விக்குத் தானாகவே இடம்விட்டது. அம்மாற்றத்துக்கு அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் அவகாசம் கிடைத்தது. நமக்கு அது கிடைக்கவில்லை. 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைத் தமதாக்கினர். இறுதி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1622 இல் கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் ஆலயத்தை இடித்தான். அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குள் சென்றன. பாண்டியரின் இரட்டைக் கயல் பொறித்த கல்லைக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். பூசகரும் அடியாரும் புதைத்துக் காத்த திருமேனிகளுட் சில 1950 இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன. 1956 இல் சுழியோடி மைக் வில்சன் கடலடியில் இலிங்கத்தைக் கண்டெடுத்தார். 1963 இல் புதிய ஆலயத்துக்குக் கும்பாபிஷேகம் நடைபெற்றது. கல்லும் செம்பும் மீண்டன. மன்னன் எழுந்து வரவேற்ற அந்த அசைவும், புலவன் அவையில் நின்ற நிலையும் எந்தக் கிணற்றிலும் புதைத்துவைக்கக் கூடியவை அல்ல.

ஆகவேதான் எஞ்சியுள்ள நூல்களை நாம் வேறு கண்ணோடு படிக்கவேண்டியிருக்கிறது. ஆரியச்சக்கரவர்த்திகளைப் பற்றிய நமது விவாதங்கள் ஆட்சியுரிமைக்கான ஆதாரம் தேடுவோராலும் அதை மறுப்போராலும் நடத்தப்படுகின்றன. இரு சாராரும் ஒரே நூலின் ஒரே நான்கு செய்யுள்களையே மேற்கோள் காட்டுகின்றனர். மருத்துவ நூலின் முகப்பில் ஒரு மன்னன் எவ்வாறு வருணிக்கப்படுகிறான், சோதிட நூல் அவனிடம் எதை எதிர்பார்க்கிறது, புராணத்தின் அவையடக்கத்தில் புலவன் தன்னை எவ்வளவு தாழ்த்திக்கொள்கிறான் என்பவற்றை வரிசைப்படுத்தி ஆராய்ந்தாலே, நல்லூரின் அவை ஓரளவு கண்முன் நிற்கும். யாழ்ப்பாணம், கிழக்கிலங்கைப் பல்கலைக்கழகங்களின் தமிழ், வரலாற்றுத் துறைகள் இணைந்து செய்யத்தக்க பணி இது. அரசியல்வாதிகளுக்கு இதனால் பயன் சிறிது என்பதே இதன் தகுதி.

மன்னர்கள் இல்லாமற்போனபின் புலவர்கள் என்ன செய்தனர் என்பதும் அவ்வாய்வில் சேரவேண்டும். யாழ்ப்பாண மன்னர்களின் வரலாற்றை உரைநடையில் கூறும் யாழ்ப்பாண வைபவமாலையை மாதகல் மயில்வாகனப் புலவர் 1736 அளவில் எழுதினார். மன்னர்களின் வழித்தோன்றல் எவரும் அதைக் கேட்கவில்லை. கேட்டவர் யாழ்ப்பாணத்தில் அதிகாரம் செலுத்திய ஒல்லாந்த அதிகாரி மக்காரா. பழைய வழக்கப்படி நூலின் சிறப்புப்பாயிரத்தில் புரவலரின் பெயர் வரவேண்டும் அல்லவா? செகராசசேகரன் என்றும் பரராசசேகரன் என்றும் எழுதப்பட்டு வந்த அந்த இடத்தில், மேக்கறூன் என்று தமிழ்ப்படுத்தி, அவரது பெயரை எழுதினார் புலவர்.